ஈர்க்கு நனையாத சனிக்கிழமைகள்

போன ஞாயிற்றுக்கிழமை திருகோணமலைக்குப் போய்த் திரும்பினோம். நாங்கள் என்றால், கண்டியிலும் அக்கம்பக்கத்திலும் நெடும்பயணத்துக்கென்று பெரிய பைக் வாங்கி வைத்துக்கொண்டு, முழங்கால் வலியை வீட்டில் சொல்லாமல் மறைத்துக்கொண்டு, மாதம் ஒரு தடவை ஊர் சுற்றும் பத்துப் பன்னிரண்டு ஆட்கள். திரும்பும் வழியில் தம்புள்ளையில் எல்லோரும் பெற்றோல் ஷெட்டுக்குள் வண்டியைத் திருப்பினார்கள். நான் மட்டும் வெளியே நின்று அவித்த சோளம் தின்றுகொண்டிருந்தேன். வீடு வந்து சேரவும் அதற்குப் பிறகு இரண்டு நாள் டவுனுக்குப் போய்வரவும் என் டேங்கில் பெற்றோல் இருந்தது.

அன்று பின்னேரமே எங்கள் வட்ஸ்அப் குழுவில் குழுவை நடத்துகிறவர் கேட்டுவிட்டார். "அண்ணே, எங்களுக்கும் ஒங்களுக்கும் ஒரே பைக்தான். ஒங்களுது மட்டும் காத்துலயா ஓடுது? எப்படின்னு ஒரு குறிப்பு எழுதிப் போடுங்க." அதற்குக் கீழே ஏழு பேர் பெருவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். ஏழாவது பெருவிரல் யோகராஜாவுடையது.

அந்த விரலைக் கண்டதும் எனக்கு வயிறு எரிந்தது. கேட்பதற்கு இந்த உலகத்தில் தகுதியே இல்லாத ஒரு மனிதன் உண்டென்றால் அது யோகராஜா. ஆகவே குழுவுக்கு நான் எதுவும் எழுதப்போவதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் அவனுக்குச் சொல்லாதீர்கள்.

முதலில் டயர். காலையில் வண்டி ஒரு அடிகூட ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான பிறகு பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். நீங்கள் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு தளர்ந்த டயரோடு ஓடுவீர்கள். தளர்ந்த டயர் தார்ச்சாலையோடு ஒட்டிக்கொண்டே வரும். அந்த இழுவைக்கும் சேர்த்து இஞ்சின் பெற்றோல் குடிக்கும். குளிர்ந்த றப்பரின் வாடை எனக்கு எப்போதும் திங்கட்கிழமைக் காலையை நினைவூட்டும். கண்டியில் நான் வேலை பார்த்த மருந்துக் கம்பனியின் பின்முற்றத்தில் திங்கட்கிழமைகளில் அந்த வாடைதான் இருக்கும்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. வேலை ரெப். மருந்துக்கடைகளுக்கும் தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்கும் போய் எங்கள் இருமல் பாணிதான் உலகத்திலேயே சிறந்தது என்று சொல்ல வேண்டும். அதைக் குடித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் சொன்னது உண்மையல்ல. கம்பனி எங்களுக்கு இரண்டு பைக் தந்திருந்தது. இரண்டும் ஒரே வருடத்து யப்பான் வண்டி, பழசு. உயரமான சீட், பெரிய டேங்க், முன்னால் காற்றுக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு, இரண்டு பக்கமும் சாம்பிள் போத்தல் வைக்க இரும்புப் பெட்டி. ஒன்று எனக்கு. மற்றது யோகராஜாவுக்கு. நானும் அவனும் ஒரே கிழமையில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே மாதா கோயிலில் ஞாயிறு பூசை கண்டவர்கள், கட்டுகஸ்தோட்டையில் இரண்டு தெரு தள்ளி வீடு. அவனை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். நினைத்தால் நாக்கைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

கிழமையில் மூன்று நாள் இரண்டு பேருக்கும் ஒரே பாதை. திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, பிறகு அந்தப் பதினெட்டு வளைவும் இறங்கி மஹியங்கனை. நான் முன்னால் போவேன், அவன் பின்னால் வருவான். சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு வளைவில் நான் விழுந்து எழும்பினேன். எனக்கு ஒன்றுமில்லை, ஒரு பெட்டி நிறைய இருமல் பாணிப் போத்தல் உடைந்து, மூன்று மாதத்துக்கு வண்டி இனித்துக்கொண்டே இருந்தது, எறும்பும் ஊர்ந்தது. அதற்குப் பிறகும் நான்தான் முன்னால். "நீ முன்னுக்குப் போ மச்சான், நான் ஒன்னயப் பாத்துக்கிட்டே வர்றேன்," என்பான் யோகராஜா. அவன் அப்படிச் சொன்னதில் எனக்கு அன்று ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

எங்கள் மெனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். சிக்கனம் என்றால் அவருக்கு உயிர். திங்கட்கிழமை காலையில் அவரே ஷெட்டுக்கு வந்து நின்று இரண்டு டேங்கும் விளிம்புவரை நிரம்புவதைப் பார்ப்பார். சனிக்கிழமை மத்தியானம் பின்முற்றத்தில் இரண்டு வண்டியையும் நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஒரு தென்னை ஈர்க்கில் பிளேடால் கோடு கோடாக வெட்டி வைத்திருந்தார். அதை டேங்குக்குள் விட்டு எடுத்து, எந்தக் கோடுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். பெற்றோல் கண் முன்னாலேயே காய்ந்துவிடும் என்பதால் வெளியே எடுத்த கையோடு வாசிக்க வேண்டும். அந்த அவசரத்தில் ஸ்டோர்காரர், டைப்பிஸ்ட், வாட்சர் எல்லோருமே வந்து தலையை நீட்டுவார்கள். ஓடிய தூரம் மீட்டரில் இருக்கும், ஆகவே சாக்குச் சொல்ல வழியில்லை. யாருடைய ஈர்க்கு அதிகம் நனைந்திருக்கிறதோ, அடுத்த கிழமை மிச்ச நாட்களுக்கு எந்தப் பாதை என்று அந்த ஆள் முதலில் தெரிவு செய்யலாம். அதுதான் பரிசு.

யோகராஜாவின் ஈர்க்கு மூன்றாவது கோடுவரை நனைந்து வரும். என்னுடையது நுனி மட்டும் ஈரமாக வரும். சில சனிக்கிழமைகளில் நுனியும் காய்ந்திருக்கும். அவன் பேராதனைப் பக்கத்து நிழல் பாதையைத் தெரிவு செய்வான், நான் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போவேன்.

அப்படியே ஒன்றரை வருடம். பிறகு ஒரு சனிக்கிழமை, காய்ந்த ஈர்க்கைக் கையில் வைத்துக்கொண்டே மெனேஜர் கேட்டார்.

"சொல்லும், ஆருக்கு வித்தனீர்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. மருந்தைக் கேட்கிறார் என்று நினைத்து இரண்டு கடைகளின் பெயரைச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள்.

"பெற்றோலைக் கேக்கிறன். தெல்தெனியவில திறீவீல்காரரோட நிண்டு வியாபாரம் பேசுறீராமே?"

தெல்தெனியவில் திறீவீல்காரர்களோடு நான் நின்றது உண்மை. அங்கே பிளேன்டீ நன்றாக இருக்கும். அதைக் கண்டவன் ஒரே ஒரு ஆள். நான் யோகராஜாவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வாரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ஒரு சொட்டும் விக்கல்ல சேர்."

"அப்ப ஏன் உம்மட ஈர்க்கு மட்டும் காயுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. அதுதான் இன்றுவரை என்னைக் கொல்வது. களவெடுத்தவனுக்கு ஒரு கதையாவது கைவசம் இருந்திருக்கும். எனக்கு அதுகூட இல்லை.

வண்டித் திறப்பை வாங்கிக்கொண்டார்கள். வேலையை விட்டு நிறுத்தவில்லை, சாம்பிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகச் சொன்னார்கள். என் வண்டியைப் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் ஓட்டிய முதல் சனிக்கிழமையே ஈர்க்கு மூன்றாவது கோடுவரை நனைந்து வந்தது. அதே வண்டி, அதே பாதை, அதே அளவு பெற்றோல். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது, தூக்கத்தில் எழும்பிப்போய் விற்றேனோ என்று.

மருந்துக்கடைக்காரர்கள் வரை கதை போய்விட்டது. இருமல் பாணியைக் காட்டினால், "அது கெடக்கட்டும், ஒரு லீற்றர் கெடைக்குமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். வெட்கங்கெட்ட சிரிப்பு. அதையும் யோகராஜாவின் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

அப்பா தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "எவ்வளவு வித்த?"

"ஒரு சொட்டும் இல்லப்பா."

"சரி. சாப்பிடு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் குசினி மூலையில் இருந்த மண்ணெண்ணெய்க் கேன் அங்கே இல்லை. தன்னுடைய அறைக்குள், அலுமாரிக்குப் பின்னால் எடுத்து வைத்துக்கொண்டார். அம்மா அடுப்புப் பற்ற வைக்கவேண்டுமென்றால் அவரிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் சாகும்வரை அந்தக் கேன் அந்த அறையில்தான் இருந்தது.

கிளட்சைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கண்டிப் பக்கத்து ஏற்றங்களில் வாகன வரிசை ஊரும்போது, கிளட்சைப் பாதி பிடித்து வண்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார்கள். இஞ்சின் உழைப்பதில் பாதி அங்கேயே சூடாகிப் போய்விடும். நின்றால் நியூட்ரலுக்குப் போட்டு நில்லுங்கள், நகர்ந்தால் முழுதாக விட்டு நகருங்கள். அதைவிட முக்கியம், முன்னால் இருப்பதைத் தூரத்திலேயே பார்த்து எக்சிலேற்றரை முன்கூட்டியே விடுவது. பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே எரித்த பெற்றோலைக் காற்றில் விடுகிறீர்கள். இதை நான் கற்றுக்கொண்டது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில், ஒரு திறீவீல்காரரிடமிருந்து. மொத்தம் மூன்று வரி பேசியிருப்பார்.

அது கம்பனியை விட்டுப் பல வருடம் கழித்து. சொந்தமாக ஒரு பைக் வாங்கியிருந்தேன். அதுவும் பெரிய வண்டிதான், அதுவும் பெற்றோலைக் குடித்துத் தள்ளியது. என் ராசி என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் மத்தியானம் அலவத்துகொடவிலிருந்து வருகிறேன். பாலத்துக்கு முன்னால் வாகனம் தேங்கி நின்றது. பக்கத்தில் ஒரு திறீவீல் வந்து நின்று, ட்ரைவர் தலையை வெளியே நீட்டினார். என் வயதுதான் இருக்கும், வெள்ளைத் தொப்பி.

"அண்ணன், அக்குறணயில ஈந்து ஒங்கட பின்னால வாரன். பிரேக் லைட் ஒருக்காலும் அணயல்ல. காலப் பெடல்ல வெச்சிக்கிட்டா வாறீங்க?"

குனிந்து பார்த்தேன். என் வலது கால் பிரேக் பெடலின் மேல் இருந்தது. அழுத்தவில்லை, சும்மா இருந்தது. விழுந்த அந்த முதல் மாதத்திலிருந்து, எப்போதும் பிடிக்கத் தயாராக, ஏற்றத்திலும் இறக்கத்திலும் நேர் ரோட்டிலும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. இறங்கிப் பின்சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன். சுட்டது. பின்பிரேக்கை உரசிக்கொண்டே நான் வருடக்கணக்காக ஓடியிருக்கிறேன். பெற்றோல் கள்ளன் என் சொந்தக் கால்.

அந்த ட்ரைவர்தான் பாஸில். பாலத்துக்கு இந்தப் பக்கம் அவருடைய திறீவீல் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். ஈர்க்கு, மெனேஜர், பஸ், அப்பா எல்லாவற்றையும் முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் கொட்டினேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"அப்ப நீங்க களவெடுக்கல்ல," என்றார்.

அதை என்னிடம் சொன்ன முதல் மனிதர் அவர். அப்பா போய் அப்போது நாலு வருடம்.

அடுத்ததாக அவர் சொன்னதுதான் எனக்குள் தீயை மூட்டியது. "ஒங்கட பின்னால வந்தாரே அந்தக் கூட்டாளி, அவருக்கும் லைட் தெரிஞ்சீக்குமே."

தெரிந்திருக்கும். எனக்கு அது அதுவரை தோன்றவேயில்லை. அரை மணித்தியாலம் பின்னால் வந்த பாஸிலுக்குத் தெரிந்தது, ஒன்றரை வருடம் பின்னால் வந்த யோகராஜாவுக்குத் தெரியாதா? ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில், பனிக்குள், என் வண்டியில் அவன் கண்ணுக்குத் தெரிந்த ஒரே பொருள் அந்தச் சிவப்பு வெளிச்சம்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா, மெனேஜரிடம் போய் விற்கிறான் என்று வேறு சொன்னான்.

யோகராஜா அப்போது குருநாகலில் வேறு வேலை எடுத்துப் போய்விட்டிருந்தான். அவனைத் தேடிப்போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்று பல நாள் நினைத்தேன். அதற்குப் பதிலாகச் செய்தது என்ன தெரியுமா? என் வண்டியைக் கழற்றினேன். பழிவாங்க முடியாத ஆள் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பான். செயினை மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, ஒவ்வொரு கண்ணியாக எண்ணெய் போட்டேன். எயார் ஃபில்டரின் பஞ்சைச் சவர்க்காரத்தில் கழுவினேன். அதிலிருந்து வந்த தூசியில் மஹியங்கனை ரோட் பாதி இருந்தது. பிளக்கின் இடைவெளி, வால்வின் இடைவெளி எல்லாம் அளந்து வைத்தேன். பழைய பழக்கத்தில் இதிலும் மாட்டி வைத்திருந்த, தேவையில்லாத இரும்புப் பெட்டியைக் கழற்றினேன். பெரிய கண்ணாடித் தடுப்பைச் சின்னதாக மாற்றினேன். மாதம் ஒரு தடவை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, எத்தனை சுற்றுச் சுற்றி நிற்கிறது என்று பார்ப்பேன். சட்டென்று நின்றால் எங்கோ உரசுகிறது என்று அர்த்தம்.

ஓட்டத்தையும் மாற்றினேன். நேர் ரோட்டில் பெரிய கியரில் ஒரே சீரான வேகம், முந்திப் போக ஆசை இல்லை. ஏற்றம் வருவதற்கு முன்னாலேயே கொஞ்சம் வேகம் எடுத்துக்கொள்வேன், நடு ஏற்றத்தில் முறுக்கமாட்டேன். வலது கால் பெடலுக்கு வெளியே, ஒழுங்காக, தண்டனை வாங்கிய பிள்ளையாக. ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே ஒரு ஈர்க்கை டேங்குக்குள் விட்டுப் பார்த்தேன். மனைவி ஒரு தடவை கேட்டாள், "யாருக்குக் காட்டுறதுக்கு?" என்று. ஈர்க்கை முறித்துப் போட்டேன்.

பிறகு நாட்டிலேயே பெற்றோல் இல்லாத காலம் வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கியூஆர் துண்டு, வண்டி இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாள், பைக்குக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். ஊரே அழுதது. எனக்கு மட்டும் நாலு லீற்றரில் மிச்சம் இருந்தது. அந்த நாட்களில் வேலையை விட்டுக் கட்டுகஸ்தோட்டைக்கே திரும்பி வந்திருந்த யோகராஜாவை வரிசையில் கண்டேன். எனக்கு நேர் முன்னால் அவன் வண்டி. பழகிய தோழனாகத் தோளில் தட்டினான். காலை பத்து மணி வெயில், வரிசை நகர்வதாக இல்லை. வருடக்கணக்காக ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"அந்தக் காலத்துல என் பின்னாலேயே வருவியே. என் பிரேக் லைட் எரிஞ்சுகிட்டே இருந்தத நீ பாக்கலையா?"

"பாக்காம? திருவிழா மாதிரி எரியும்," என்று சிரித்தான்.

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒன் ஈர்க்கும் நனைஞ்சிருக்கும். நான் வெயில்ல போயிருக்கணும். விடு மச்சான், எந்தக் காலத்துக் கதை."

எந்தக் காலத்துக் கதை. மெனேஜர் வெளிநாடு போய் அங்கேயே செத்துப்போனார், என் அப்பா அலுமாரிக்குப் பின்னால் கேனை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார், இவன் விடு மச்சான் என்கிறான். திறப்பு கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தபோதுதான் அதைக் கண்டேன்.

அவனுடைய வண்டிக்குக் கீழே தார் ரோட்டில் ஒரு கறுத்த பொட்டு. காபுரேட்டரிலிருந்து இறங்குகிற சின்ன றப்பர்க் குழாயின் நுனியில் ஒரு சொட்டு உருண்டு திரண்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. காபுரேட்டருக்குள் பெற்றோலை மறிக்கிற ஊசி தேய்ந்திருந்தது. அப்படித் தேய்ந்தால் வண்டியை நிறுத்தியதும் டேங்குக்குக் கீழே பெற்றோலைத் திறந்து மூடுகிற டெப்பை மூட வேண்டும். மூடினால் சொட்டாது. யோகராஜா டெப்பை மூடுகிற பழக்கம் இல்லாதவன், அந்தக் காலத்திலும் அப்படித்தான். நிற்கிற நேரமெல்லாம் அவனுடைய நாலு லீற்றர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

நான் திறப்பை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. நத்தார்ப் பண்டிகைக்குக்கூட அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அடுத்த கிழமை வரிசையில் அவன் வாடிப்போய் நின்றான். "நாலு லீற்றர் நாலு நாளைக்குக்கூட வரல மச்சான். யாரோ எடுக்குறானுங்க." அப்படியா என்றேன். அதற்கடுத்த கிழமை ஆளையே கண்டுபிடித்துவிட்டான். "பக்கத்து வீட்டுத் திறீவீல்காரன்தான். காலையில அவன் வண்டிப் பக்கம் போனா பெற்றோல் மணக்குது." யார் அந்தத் திறீவீல்காரர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். யாரோ ஒருவன் கள்ளன் என்று பெயர் வாங்கப்போகிறான் என்று எனக்குத் தெரியும். என்னைத் தவிர வேறு யாருக்கு அது நன்றாகத் தெரியும்? ஆனாலும் யோகராஜா கஷ்டப்படுவது அவ்வளவு ருசியாக இருந்தது. இன்னும் ஒரு கிழமை போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கும் அடுத்த கிழமை அவன் வரிசைக்கு வரவில்லை. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. பெற்றோல் அடித்துக்கொண்டு, அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதை வழியில் பார்த்து ரசிக்கலாம் என்று அவனுடைய தெருவுக்குள் திரும்பினேன். சரிவான ஒழுங்கை அது. மேலே யோகராஜாவின் வீடு, பைக் வாசலில். ஒழுங்கை நடுவே பத்துப் பேர் கூடி நின்றார்கள். நடுவில் யோகராஜா கத்திக்கொண்டிருந்தான். அவன் முன்னால், கையில் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றவர் பாஸில்.

"நான் களவெடுக்கல்ல," என்றார் பாஸில். "வேணுமெண்டா வந்து டேங்கப் பாருங்க."

"பின்ன எங்கதான் போகுது? நீ எடுக்காம அது ஆவியாவா போகுது?"

கீழே பக்கத்து வீட்டுக் கதவடியில் பாஸிலின் மனைவியும் மகளும் நின்றார்கள். அந்தப் பிள்ளை கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டியை ஸ்டாண்டில் போட்டது எனக்கு நினைவில்லை. பாஸிலின் மனைவியிடம் ஒரு பீரிஸ் கேட்டேன், கோப்பைக்குக் கீழே வைக்கிற சின்னத் தட்டு. கொண்டுவந்து தந்தார். அதை யோகராஜாவின் பைக்குக்குக் கீழே, றப்பர்க் குழாய்க்கு நேராக வைத்தேன். ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பத்து நிமிடத்தில் பீரிஸின் அடி மறைந்தது. அங்கேயிருந்து ஓரத்துத் தண்ணீர்க் கான் நேரே பாஸிலின் திறீவீல் நிற்கும் இடத்துக்கு இறங்குவதை எல்லோருமே அப்போது பார்த்தார்கள்.

"கள்ளன் இவர் இல்ல," என்றேன் யோகராஜாவிடம், தெருவுக்கே கேட்க. "டெப்ப மூடத் தெரியாத நீ."

அவன் முகம் வெளுத்தது. கூடி நின்ற ஒருவர் சிரித்தார், இன்னொருவர் காறித் துப்பினார். இத்தனை வருடம் நான் காத்திருந்தது இதற்குத்தான். ஒரு பத்து விநாடி, அவ்வளவுதான், எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

பாஸில் பீரிஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இது ஒங்களுக்கு எப்ப தெரியும் அண்ணன்?"

"இப்பத்தான்," என்றேன்.

"பொய்," என்றான் யோகராஜா. "மூணு கெழமைக்கு முன்ன கியூவுல என் பைக்குக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டுச் சிரிச்சுகிட்டே நிமிந்தான். நான் பாத்தேன். எதுக்குச் சிரிக்கிறான்னு அன்னைக்கு வெளங்கல."

வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் கண்டதை அவன் வாயைத் திறந்து சொன்னான்.

பாஸில் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பாலத்தில் தலையை நீட்டிக் கேட்டபோது இருந்த அதே முகம்தான், ஆனால் என்னிடம் கேட்க அதில் எதுவும் இல்லை. குனிந்து பீரிஸை எடுத்தார். சிந்தாமல் யோகராஜாவின் கையில் கொடுத்தார். "ஒங்கட பெற்றோல்," என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். மகள் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகும் பாலத்தடியில் அவரைச் சில தடவை கண்டேன். சலாம் சொல்வார், நான் தலையாட்டுவேன். பிளேன்டீ குடிக்கலாமா என்று கேட்க ஒவ்வொரு தடவையும் வாய் வரை வரும். மன்னிப்புக் கேட்பதற்கு அவர் எப்போதும் இடம் வைத்திருந்தார், நான்தான் கேட்கவில்லை. ஒரு வருடத்தில் திறீவீலை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார். குடும்பம் மனைவியின் ஊருக்குப் போயிற்று. எந்த ஊர் என்று அந்த ஒழுங்கையில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, ஒரு ஆள் புத்தளம் என்றார், இன்னொரு ஆள் மாவனல்லை என்றார். யோகராஜா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறான். அவன் மேல் எனக்குள்ள கோபத்தில் ஒரு சொட்டும் குறையவில்லை, அவன் பெருவிரலைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. ஆனால் நான் களவெடுக்கவில்லை என்று முழுதாக நம்பிய ஒரே மனிதர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் கள்ளனாகிக்கொண்டிருந்த அந்த மூன்று கிழமையும் நான் நிறைந்த டேங்கோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன்.